போலிக்குள் கொஞ்சம் அசல்

லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதை 1865-ல் வெளிவந்தபோது அதற்குப் படங்கள் வரைந்தவர் ஜான் டெனியல். அவற்றுள் ஒரு படத்தில் விசித்திரமான பிராணி ஒன்று உட்கார்ந்து அழுகிறது. உடம்பில் ஆமையின் ஓடு, முன்னே ஆமையின் துடுப்புகள். தலை மட்டும் கன்றுக்குட்டியின் தலை. பின்னங்கால்களில் குளம்புகள், பின்னால் கன்றின் வால். அதன் பெயர் போலி ஆமை. பெயர் வந்த வழி சமையலறை வழி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பச்சை ஆமை சூப் பணக்காரர்களின் விருந்துப் பண்டம். ஆமைக்கு வசதியில்லாத வீடுகளில் கன்றின் தலையை வேகவைத்து, ஏறக்குறைய அதே பதத்தில் ஒரு சூப் வைத்தார்கள். அதுவே போலி ஆமை சூப். அப்படியொரு சூப் இருந்தால் அதற்கான போலி ஆமையும் எங்காவது இருந்தாக வேண்டும் என்பது கரோலின் தர்க்கம். தான் ஒரு காலத்தில் அசல் ஆமையாக இருந்ததை எண்ணியே அந்தப் பிராணி கண்ணீர் விடுகிறது.

மென்பொருள் சோதனையில் 'மாக்' என்ற அதே ஆங்கிலச் சொல் புழங்குகிறது. 'மாக் ஆப்ஜெக்ட்' என்பார்கள். போலிப்பொருள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அச்சொல் கரோலிடமிருந்து வந்தது என்று நிறுவுவது என் நோக்கமன்று. ஆனால் இத்துறையில் கால் நூற்றாண்டாக நடந்துவரும் ஒரு வழக்குக்கு டெனியலின் படத்தைவிடப் பொருத்தமான சித்திரம் இல்லை. ஒரு போலியில் எந்தெந்த உறுப்புகள் அசலாக இருக்கலாம்? அசலாக ஓர் உறுப்பேனும் இருப்பது போலிக்கு அழகா, அழுக்கா? வெளியிலிருந்து பார்த்தால் இது நிரலாளர்களின் குடும்பச் சண்டை. ஆனால் விண்ணில் சிதறிய ஒரு ராக்கெட்டின் கதையிலும் இந்தக் கேள்விக்கு இடமுண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

துறை சாராத நண்பர்களுக்காகச் சில அடிப்படைகள். ஒரு பெரிய மென்பொருள் ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளால் ஆனது. அவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, அது தன் வேலையைச் செய்கிறதா என்று சரிபார்க்கும் சின்னஞ்சிறு நிரலுக்கு அலகுச் சோதனை என்று பெயர். நிரலாளர் ஒரு வரியை மாற்றியதும் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான சோதனைகள் சில நொடிகளில் ஓடி முடியவேண்டும். சிக்கல் என்னவென்றால், எந்தப் பகுதியும் தனியே வாழ்வதில்லை. ஒரு வங்கியின் வட்டிக் கணக்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அது கடிகாரத்திடம் இன்றைய தேதியைக் கேட்கும். தரவுத்தளத்திலிருந்து வட்டி விகிதத்தை எடுக்கும். கணக்கு முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். கணக்கு சரியா என்று பார்ப்பதற்காக ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் குறுஞ்செய்திகள் அனுப்ப முடியாது. பிப்ரவரி 29 அன்று என்ன நடக்கும் என்று பார்க்க நான்கு வருடம் காத்திருக்கவும் முடியாது.

ஆகவே கடிகாரத்தின் இடத்தில் நாம் சொல்லிக்கொடுத்த தேதியைச் சொல்லும் ஒரு பொம்மைக் கடிகாரத்தை வைக்கிறோம். எஸ்.எம்.எஸ். அனுப்பும் பகுதியின் இடத்தில், எதையும் அனுப்பாமல் 'அனுப்பச் சொன்னார்கள்' என்று மட்டும் குறித்துக்கொள்ளும் ஒன்றை வைக்கிறோம். நம் சினிமாக்காரர்களிடம் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: டூப். ஜெரார்ட் மெசரோஸ் 2007-ல் வெளியிட்ட தடிமனான நூலில் இந்த வகையறாவுக்கெல்லாம் பொதுப்பெயராக 'டெஸ்ட் டபுள்' என்பதைத் தேர்ந்தெடுத்தபோது, அவர் மனதில் இருந்ததும் சண்டைக் காட்சியில் மாடியிலிருந்து குதிக்கும் அந்த டூப்தான்.

டூப் போடும் வழக்கம் பழையது. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-ல் எழுதிய, சோதனைக் கலை பற்றிய நூலிலேயே 'ஸ்டப்' வந்துவிடுகிறது. மேல்தளப் பகுதிகளை முதலில் சோதிக்க வேண்டுமானால், இன்னும் எழுதி முடிக்காத கீழ்த்தளப் பகுதிகளின் இடத்தில் ஒரு கட்டையை நட்டுவைக்க வேண்டும். கூப்பிட்டால் ஏதோ ஒரு பதிலைச் சொல்லும் கட்டை. கட்டுமானம் முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம். அன்றைக்கு டூப்பின் மதிப்பு அவ்வளவே.

தொண்ணூறுகளில் நிலைமை மாறியது. கென்ட் பெக் 1994-ல் ஸ்மால்டாக் மொழிக்கென ஒரு சிறிய சோதனைச் சட்டகத்தை எழுதினார். 1997-ல் ஜூரிக் நகரிலிருந்து அட்லாண்டா சென்ற விமானத்தில் அவரும் எரிக் காமாவும் அருகருகே அமர்ந்து அதையே ஜாவா மொழிக்கு எழுதினார்கள். ஜேயூனிட் பிறந்தது அப்படித்தான். சோதனை என்பது வேறொரு அறையில் வேறொருவர் பின்னாளில் செய்யும் காரியமாக இருந்தது போய், எழுதுகிறவரே எழுதும்போதே செய்யும் அன்றாடப் பழக்கமாக மாறத் தொடங்கியது. பழக்கம் அன்றாடமானதும் டூப்புகளின் தேவையும் பெருகிற்று.

போலிப்பொருள் என்ற கருத்து லண்டனில் 1999-ல் உருவானது. கனெக்ஸ்ட்ரா என்ற சிறு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் ஜான் நோலன் தம் நிரலாளர்களுக்கு ஒரு சவால் விட்டார்: 'கெட்டர்' இல்லாமல் நிரல் எழுதுங்கள். கெட்டர் என்பது ஒரு பொருளின் உள்ளே இருப்பதை வெளியிலிருந்து கேட்டு வாங்கும் ஜன்னல். ஒவ்வொரு பொருளும் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டு, அடுத்ததற்கு வேலை மட்டுமே சொல்லவேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல வடிவமைப்பு ஒழுக்கம்தான். ஆனால் ஜன்னலை மூடிவிட்டால் சோதிப்பவர் எதைப் பார்த்துச் சோதிப்பார்? வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாவிட்டால், அந்த வீட்டுக்காரர் கடைத்தெருவில் என்ன கேட்கிறார் என்று கவனிக்கலாமல்லவா? கடைக்காரர் வேடத்தில் நாமே உட்கார்ந்துவிட்டால் ஆயிற்று. அந்த வேடக் கடைக்காரர்தான் மாக். இன்ன பொருளை இத்தனை முறை கேட்பார் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுவோம். எழுதியபடி நடக்காவிட்டால் அது கூச்சல் போடும்.

டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் க்ரெய்க் ஆகிய மூவரும் இதைக் கட்டுரையாக்கி, 2000-ஆம் ஆண்டு சார்டினியாத் தீவின் காலியரி நகரில் நடந்த எக்ஸ்.பி. மாநாட்டில் அளித்தார்கள். 'எண்டோ-டெஸ்டிங்' என்று அதற்குப் பெயர். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளை வழியே உள்ளே சென்று பார்க்கும் எண்டோஸ்கோபி மருத்துவத்தை நினைவில் வைத்துச் சூட்டிய பெயர். (இதே கனெக்ஸ்ட்ராவிலிருந்துதான் 'இன்னாராகிய நான் இன்னதை விரும்புகிறேன்' என்ற பயனர் கதை வாய்பாடும் வந்தது. சிறிய நிறுவனங்கள் சில சமயம் தம் ஆயுளைவிட நீண்ட பழக்கங்களை விட்டுச் செல்கின்றன.)

இந்த மாக் முற்றிலும் உள்ளீடற்றது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதற்குள் கடை இல்லை, சரக்கு இல்லை, தராசு இல்லை. எதிர்பார்ப்புகளின் பட்டியல் மட்டுமே இருக்கிறது. கருவிகளும் இதற்கு ஒத்துழைத்தன. டாமோ ஃப்ரீஸ் 2001-ல் எழுதிய ஈஸிமாக், அப்போது ஜாவா 1.3 பதிப்பில் புதிதாக வந்திருந்த ஒரு வசதியைக் கொண்டு போலிகளைத் தானாகவே உற்பத்தி செய்தது. அந்த வசதியோ 'இன்டர்ஃபேஸ்' என்று சொல்லப்படும் வெற்று ஒப்பந்தங்களுக்கு மட்டுமே வேலை செய்யும். ஒப்பந்தத்துக்கு நடத்தை கிடையாது; ஆகவே அசல் நடத்தையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. ஒரு கருவியின் வரம்பு ஒரு தத்துவத்துக்கு எவ்வளவு சௌகரியமாகப் பொருந்திவிடுகிறது! இலக்கியத்தில் அச்சு எந்திரமும் பத்திரிகைப் பக்க அளவும் செய்த வேலைகளை நினைத்துக்கொள்கிறேன்.

தத்துவம் முழு வடிவம் பெற்றது 2004-ல். ஃப்ரீமன், நாட் ப்ரைஸ், மெக்கின்னன், ஜோ வால்ன்ஸ் நால்வரும் வான்கூவரில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டுக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். போலி செய்யவேண்டியது பாத்திரங்களையே, பொருட்களை அல்ல என்பது அதன் தலைப்பிலேயே இருக்கும் வாதம். நாடக மொழியில் சொன்னால், 'கடன் கொடுப்பவர்' என்ற பாத்திரத்துக்குத்தான் வேடம் கட்டலாம். அந்தப் பாத்திரத்தை வழக்கமாக ஏற்கும் குறிப்பிட்ட நடிகரை நகலெடுக்கக் கூடாது. உனக்குச் சொந்தமில்லாத வகைகளைப் போலி செய்யாதே என்பதும் அவர்களின் கட்டளை. பிறர் எழுதிய நூலகம் எப்படி நடந்துகொள்ளும் என்று நீ கற்பனை செய்து போலியை எழுதினால், உன் சோதனை உன் கற்பனையைத்தான் மெய்ப்பிக்கும். இரண்டாவது கட்டளை இன்றும் பொன்னானது. மார்ட்டின் ஃபௌலரும் அதே 2004-ல் எழுதி 2007-ல் விரிவாகத் திருத்திய ஒரு கட்டுரையில், இரு பள்ளிகளைப் பிரித்துக் காட்டினார். முடிந்தவரை அசல் பொருட்களையே வைத்துச் சோதித்து, முடிவு சரியா என்று பார்க்கும் மரபுவாதிகள் ஒரு பக்கம். சுற்றியிருப்பவை அனைத்தையும் போலியாக்கி, உரையாடலைச் சோதிக்கும் போலிவாதிகள் மறுபக்கம்.

இந்த இரு பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு வசதி உண்டு. இரண்டும் புதிதாக எழுதப்படும் நிரலை மனதில் வைத்துப் பேசின. உலகின் பெரும்பாலான நிரலாளர்களோ யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்காக எழுதியவர் மைக்கேல் ஃபெதர்ஸ். அவருடைய நூலும் 2004-ல்தான் வந்தது. பழைய நிரல் என்றால் சோதனைகள் இல்லாத நிரல், நேற்றுத்தான் எழுதியிருந்தாலும் சரி என்பது அவர் தந்த வரையறை. நான்காயிரம் வரிகள் கொண்ட ஒரு வட்டிக் கணக்குப் பகுதியை நினைத்துப் பாருங்கள். அதன் நடுவயிற்றில் எங்கோ அந்த எஸ்.எம்.எஸ். அனுப்பும் சில வரிகள் இருக்கின்றன. பாத்திரம், ஒப்பந்தம் என்றெல்லாம் அங்கே யாரும் பிரித்துவைக்கவில்லை. பிரிக்கலாம் என்றால் எதைத் தொட்டால் எது உடையும் என்று தெரியாது. உடைந்தால் தெரிவிக்கச் சோதனை வேண்டும். சோதனை எழுதப் பிரித்தாக வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஃபெதர்ஸ் காட்டிய வழிகளுள் முக்கியமானது எளிமையானது. அந்தப் பகுதியின் வாரிசாக ஒன்றை உருவாக்கு. தந்தையின் குணங்கள் அனைத்தும் அதற்கு அப்படியே வரட்டும். எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஒரே ஒரு செயலை மட்டும் வாரிசில் மாற்றி எழுதி, ஒன்றும் செய்யாமல் வைத்துவிடு. பிறகு அந்த வாரிசைச் சோதி.

போலி ஆமை இங்கேதான் அரங்கேறுகிறது. சோதிக்கப்படும் பொருளே தன் உடலில் ஓர் உறுப்பை மட்டும் போலியாக மாற்றிக்கொண்டு நிற்கிறது. கணக்கிடுவது அசல், விதிகள் அசல், பிழைகளும் அசல். நம் திரைப்படங்களில் முகம் ஒருவருடையதாகவும் பாடும் குரல் இன்னொருவருடையதாகவும் இருப்பதை நாம் விசித்திரமாக நினைப்பதில்லை. ஏறக்குறைய அதுதான் இது. இதற்குப் 'பாதிப் போலி' என்று பெயர் வந்தது.

தூயவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஃப்ரீமனும் ப்ரைஸும் 2009-ல் வெளியிட்ட நூலில் இதற்கு எதிராக எழுதிய பகுதி நிதானமானது, இன்றும் படிக்கத் தக்கது. ஓர் இசை மையம் குறித்த நேரத்தில் குறுந்தட்டு இயக்கியைப் பாடவைக்கிறது என்ற எடுத்துக்காட்டை வைத்துப் பேசுகிறார்கள். இயக்கியின் வாரிசை உருவாக்கி, ஒரு செயலை மட்டும் மாற்றி எழுதினால் சோதனை நடந்துவிடும். ஆனால் இசை மையத்துக்கு உண்மையில் தேவைப்படுவது முழுக் குறுந்தட்டு இயக்கி அன்று. 'குறித்த நேரத்தில் தொடங்கக் கூடிய ஏதோ ஒன்று'. அந்த உறவுக்குப் பெயரிடாமலே கடந்துபோக பாதிப் போலி அனுமதித்துவிடுகிறது. சோதனை எழுதச் சிரமமாக இருந்தால் அந்தச் சிரமத்தை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள், வலியை மரக்கச்செய்யாதே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். வடிவமைப்பு பற்றிய வாதமாக இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இது பழைய வீட்டில் குடியிருப்பவரிடம் புதுவீட்டு வரைபடத்தைக் காட்டுவது போன்றது. ஒழுகும் கூரைக்கு இன்றிரவு என்ன செய்வது என்பதற்கு அதில் விடையில்லை.

விடை கருவிகளின் பக்கமிருந்து, சற்றுத் தயக்கத்தோடு வந்தது. போலந்துக்காரரான ஷ்செபான் ஃபாபர் ஈஸிமாக்கிலிருந்து கிளை பிரித்து உருவாக்கிய மாக்கிட்டோவை முதலில் பயன்படுத்தியவர்கள், 2008-ன் தொடக்கத்தில் லண்டனில் கார்டியன் நாளிதழுக்காக வேலை செய்துகொண்டிருந்த நிரலாளர்கள். (பெயர் ஒரு மதுபானத்தின் பெயரை வேடிக்கையாகத் திரித்தது, சின்னத்திலும் கோப்பைதான்.) பாதிப் போலிகளைக் கெட்ட வாடை வீசும் நிரலின் அடையாளமாக மாக்கிட்டோ குழுவினரும் கருதிவந்தார்கள். நீண்ட உள்விவாதங்களுக்குப் பிறகு, 2009-ல் வந்த 1.8 பதிப்பில் அதை முறையாக ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஏற்பை அறிவிக்கும் ஆவணப் பகுதி ஒரு சிறிய இலக்கிய வகைமை என்றே சொல்வேன். வசதியைத் தருகிறது, கூடவே அதைப் பயன்படுத்துபவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. எளிதில் மாற்ற முடியாத பிறரது நிரலுக்கும், சீரமைப்பின் நடுவழியில் நிற்கும் பழைய நிரலுக்கும் பயன்படலாம். புதிதாக நன்கு வடிவமைத்து எழுதுவதற்கு வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

மாக்கிட்டோவில் இதைச் செய்யும் கட்டளைக்கு 'ஸ்பை' என்று பெயர். ஒற்றன் என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! ஒற்றன் அந்த ஊர்க்காரனாகவே வாழ்கிறான். உழுகிறான், விற்கிறான், வரி கட்டுகிறான். கூடவே எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறான். ஓர் அசல் பொருளை ஸ்பையாக்கினால், நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லா அழைப்புகளுக்கும் அசல் நடத்தையே பதிலளிக்கும். எது எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் தனியே சேரும்.

இதிலுள்ள கண்ணி பிரசித்தமானது. மாக்கிட்டோவின் ஆவணமே அதை விளக்குகிறது. ஒரு வெற்றுப் பட்டியலை ஸ்பையாக்குகிறோம். 'முதல் உறுப்பைக் கேட்டால் இன்ன பதிலைச் சொல்' என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். வழக்கமான வாக்கிய அமைப்பில் சொன்னால், சொல்லித்தரும் போக்கிலேயே அசல் செயல் ஒருமுறை அழைக்கப்பட்டுவிடும். பட்டியலோ வெற்று, முதல் உறுப்பு என்று ஒன்று இல்லை. உடனே பிழை வெடிக்கும். அதனால் பதிலை முதலில் சொல்லி, கேள்வியைப் பின்னால் வைக்கும் தலைகீழ் வாக்கியம் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று: ஸ்பை என்பது அசலின் மேல் போர்த்திய போர்வை அன்று, அது அசலின் பிரதி. பிரதி எடுத்த பிறகு மூலப் பொருளில் நடக்கும் எதுவும் ஒற்றனுக்குத் தெரியாது. புதிதாக வருபவர்கள் இவற்றில் இடறிவிழுந்து மாக்கிட்டோவைத் திட்டுவார்கள். எனக்கோ முதல் கண்ணியில் ஓர் அழகு தெரிகிறது. போலி ஆணையை நாம் உச்சரிக்கும்போதே உள்ளே இருக்கும் அசல் தலைநீட்டி, 'அப்படி ஒன்று என்னிடம் இல்லையே' என்கிறது. உள்ளீடற்ற மாக் அப்படி ஒருநாளும் சொல்லாது.

சொல்லாது என்பதற்கு பைத்தான் மொழியில் நல்ல சாட்சி உண்டு. மைக்கேல் ஃபூர்டு எழுதிய மாக் நூலகம் 2012-ல் பைத்தான் 3.3-உடன் மொழியின் அதிகாரபூர்வ நூலகத்தில் சேர்ந்தது. அந்த மாக் அதீத பணிவுள்ளது. எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் 'ஆகட்டும்' என்று ஒரு புதிய மாக்கை உருவாக்கி நீட்டும். 'ஒரே ஒருமுறை அழைக்கப்பட்டதா என்று உறுதிசெய்' என்ற பொருளில் இருக்கும் என்று நம்பி, அக்காலத்தில் இல்லாதிருந்த ஒரு கட்டளையைப் பலரும் எழுதினார்கள். அப்படியொன்று இல்லை என்று மாக் சொல்லவில்லை, பணிவாகத் தலையசைத்தது. சோதனைகள் பச்சை விளக்கு காட்டின. உண்மையில் அவை எதையும் சோதிக்கவில்லை. 2015-ல் வந்த 3.5 பதிப்பில்தான், உறுதிசெய்யும் கட்டளை போலத் தொடங்கும் இல்லாத பெயர்களைக் கண்டால் பிழை காட்டும் காவல் போடப்பட்டது. அந்தக் குறிப்பிட்ட கட்டளையே 3.6-ல் சேர்க்கப்பட்டுவிட்டது. அதே நூலகத்தில் 'ராப்ஸ்' என்றொரு வசதியும் இருக்கிறது. மாக்கை அசலின் மேல் போர்த்திவிட்டால், அழைப்பைக் குறித்துக்கொண்டு அசலுக்கே அனுப்பும். அசல் சொன்ன பதிலையே திருப்பித்தரும். அசல் மறுத்தால் மறுப்பும் வந்துசேரும்.

2014-ல் ரூபி ஆன் ரெய்ல்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன், சோதனைக்கு வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காகவே நிரலைக் கூறுபோடுவது நிரலைச் சேதப்படுத்துகிறது என்று போர் தொடுத்தார். அவரும் பெக்கும் ஃபௌலரும் அந்த ஆண்டு தொடர்ச்சியாக உரையாடினார்கள். யாரும் யாரையும் வெல்லவில்லை. தாம் மிகக் குறைவாகவே போலிகளைப் பயன்படுத்துவதாக பெக் அதில் சொன்னது மட்டும், ஜேயூனிட்டின் தந்தை சொன்னதாயிற்றே என்பதால் பலருக்கும் வியப்பாக இருந்தது.

இனி ராக்கெட்டுக்கு வருவோம். இதற்காக நாம் போலிப்பொருள் என்ற சொல் பிறப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னே செல்ல வேண்டும். துறையும் வேறு, அங்கே பேசப்படுவது அலகுச் சோதனை அன்று, ஒரு முழு அமைப்பின் ஒத்திகை. ஆனால் கேள்வி அதேதான்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 முதல்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், பாதை திரும்பி உடைந்து வெடித்தது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராயப் போன க்ளஸ்டர் என்ற நான்கு செயற்கைக்கோள்களும் அத்தோடு போயின. கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலை 19 தேதியிட்ட அறிக்கையில் காரணத்தைச் சொன்னது. ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் அளந்து சொல்லும் கருவி ஏரியான் 4-லிருந்து வந்தது. அதன் மென்பொருள் 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழுவெண்ணாக மாற்ற முயன்றது. எண் பெரிதாக இருந்ததால் கொள்ளவில்லை. ஏரியான் 4-ன் பாதையில் அந்த எண் அவ்வளவு வளர்ந்ததேயில்லை. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிகவும் அதிகம். கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றாக இருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள். அது 72 மில்லிவினாடிகளுக்கு முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. கருவி கடைசியாக அனுப்பிய பிழைக்குறிப்பைப் பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்ட முதன்மைக் கணினி, எந்திர முனைகளை முழுமூச்சாகத் திருப்பிவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கணக்கீடு, ஏரியான் 5 தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு யாருக்கும் தேவைப்படாத ஒன்று.

இது பலரும் அறிந்த கதை. அறிக்கையில் சோதனைகள் பற்றிய பகுதியை அவ்வளவு பேர் படிப்பதில்லை. ஏவுவதற்கு முன் தரையில் முழுப் பயணமும் ஒத்திகை பார்க்கப்பட்டது. முதன்மைக் கணினி அசல். அதன் மென்பொருள் அசல். அளவைக் கருவியின் இடத்தில் மட்டும் டூப். கருவியின் வெளியீடுகளை உற்பத்தி செய்யும் மென்பொருள் மாதிரிகளை வைத்தார்கள். காரணங்கள் இருந்தன, நியாயமானவை போலவும் இருந்தன. கருவி ஏற்கெனவே தனியாகச் சோதித்துத் தேறியது. அசலுக்குக் கொடுக்கவேண்டிய துல்லியமான உள்ளீடுகளை ஆய்வகத்தில் உண்டாக்குவது கடினம். கருவி பழுதானால் என்னாகும் என்று பார்க்க அசலைவிட மாதிரியே வசதி. இந்தக் காரணங்களை இன்று எந்த மென்பொருள் அலுவலகத்தில் சொன்னாலும் தலையசைப்பார்கள். நானும் அசைத்திருப்பேன்.

அந்த டூப் மிகவும் ஒழுங்கானது. அளவைக் கருவி எப்படி நடக்கவேண்டும் என்று எல்லோரும் நம்பினார்களோ அப்படியே நடந்தது. அதற்குள் 16 பிட் எண் எதுவும் இல்லை. நிரம்பி வழிய ஒன்றுமில்லை. ஒத்திகைகள் தேறின.

விபத்துக்குப் பிறகு நடந்த ஒத்திகையைப் பற்றியும் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஒரு கணினியில் அளவைக் கருவியின் அசல் மென்பொருளை ஏற்றினார்கள். சூழல் முழுவதும் போலி. உள்ளீடாக, அந்தப் பறப்பின் உண்மையான பாதைத் தகவல்கள். டெனியலின் படத்தைப் போலத்தான்: ஓடும் துடுப்பும் வேறு, தலை மட்டும் அசல். அறுந்துபோன சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அப்படியே மீண்டும் நிகழ்ந்தது. அத்தகைய ஒத்திகையை ஏவுவதற்கு முன்பே செய்திருக்க முடியும் என்றும் குழு கருதியது. அதன் பரிந்துரைகளில் ஒன்று, தொழில்நுட்ப ரீதியாக எவ்வளவு இயலுமோ அவ்வளவு அசல் கருவிகளைக் கொண்ட சோதனைக் கூடம் வேண்டும் என்பது.

தூயவாதிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். அலகுச் சோதனையின் வேலை வேறு, ஒருங்கிணைப்புச் சோதனையின் வேலை வேறு; இரண்டையும் குழப்பாதே என்பார்கள். ஏட்டில் அது சரி. நடைமுறையில், அலகுகள் எல்லாம் தனித்தனியே தேறிவிட்டன என்ற நிம்மதிதான் ஒருங்கிணைப்பில் டூப் வைக்கும் தைரியத்தைத் தருகிறது. கூரூவில் நடந்தது அதுவே. பாதிப் போலியின் குறைகளை நான் மறைக்கவில்லை. எது அசல், எது போலி என்று சோதனையைப் படிப்பவருக்குக் குழப்பம். சோம்பேறித்தனமான வடிவமைப்புக்கு அது தரும் அடைக்கலம். வாக்கிய அமைப்பின் கண்ணிகள். ஆனாலும் நம் நம்பிக்கையை மறுத்துப் பேசும் வாய் ஒன்றை அது சோதனைக்குள் விட்டுவைக்கிறது. அந்த வாயை மூடுவதற்கு வடிவமைப்பின் அழகு மட்டும் போதிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

கருவிகள் இப்போது தயக்கத்தைத் தாண்டி வந்துவிட்டன. வாரிசை உருவாக்கி மாற்றி எழுதும் பழைய முறைக்கு, வாரிசே கூடாது என்று முத்திரையிட்ட வகுப்புகளில் அனுமதி கிடையாது. 2023-ல் வந்த மாக்கிட்டோ 5, ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பின் உள்ளேயே புகுந்து மாற்றும் முறையை இயல்பாக்கிவிட்டதால் அந்த முத்திரையும் இனித் தடையில்லை. போலிக்குள் எவ்வளவு அசலை வைப்பது என்று முடிவு செய்வதில் கருவி இனி நமக்குச் சாக்காக வராது.

அழிந்த நான்கு செயற்கைக்கோள்களுக்குப் பதிலாக முதலில் உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். பிறகு மற்ற மூன்றும் புதிதாகச் செய்யப்பட்டன. சார்டினியாவில் அந்தப் போலிப்பொருள் கட்டுரை வெளிவந்த அதே 2000-ஆம் ஆண்டுக் கோடையில், ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக இரண்டு சோயுஸ் ராக்கெட்டுகள் பைக்கனூரிலிருந்து அவற்றை ஏற்றிச் சென்றன. இரண்டே ஆண்டுகள் என்று திட்டமிட்ட அந்தப் பணி 2024 செப்டம்பர் வரை நீடித்தது.